யார் பேரில் போடுவது?

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வார்கள். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டில் நின்று, மலைக்குப் போய், சொன்ன நிறைக்குக் கொழுந்து கொடுத்தால் செக்ரோல் என்கிற வேலைநாள் பதிவேட்டில் ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் அரைப் பேர். "இந்த மாசம் எத்தன பேரு?" என்று யாராவது கேட்டால், வெளியூர்க்காரர் ஆட்களின் எண்ணிக்கையைக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். கேட்பது உழைத்த நாட்களை. செய்த வேலைக்கும் செய்தவரின் பெயருக்கும் ஒரே சொல்தான். கஷ்டகாலத்தில் நன்றியை எங்கே தேடுவது என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

"உங்கள் கஷ்டங்களுக்கும் நன்றி சொல்லுங்கள்" என்று சொல்லித்தர இன்று ஆள் பஞ்சமே இல்லை. மலையகத்தில் அதைக் கேட்கிறவருக்கு ஒரு சந்தேகம் வரும், வரத்தான் வேண்டும். லயம் என்கிற ஒழுகுகிற வரிசை வீட்டுக்கு யாருக்கு நன்றி சொல்வது? மண்சரிவுக்கு? 1948இல் ஒரு சட்டத்தோடு பறிபோன குடியுரிமைக்கு? செக்ரோல் எழுதுகிறவரைப் போல யோசித்தால் குழப்பம் தீரும். மழைக்கு யாரும் பேர் போடுவதில்லை, மழையில் நின்றவருக்குத்தான் பேர். அதே மாதிரி, கஷ்டத்தின் கணக்கில் ஒன்றையும் வரவு வைக்காமல், அந்த நேரத்தில் கை கொடுத்தவரின் கணக்கில், கொடுத்த அளவோடு எழுத வேண்டும். கீழே வருவதெல்லாம் அதை எப்படிச் செய்வது, எங்கே தவறும் என்பது பற்றித்தான்.

முதலில் தேயிலையைப் பற்றிக் கொஞ்சம். கஷ்டம்தான் ஆளை வளர்க்கும் என்று பேசுகிறவர்கள் இந்தப் பக்கம் உதாரணத்துக்குத் தேயிலைச் செடியைத்தான் இழுப்பார்கள். 'வெட்ட வெட்டத் துளிர்க்கும்' என்பார்கள். ஊவா மாகாணத்தில் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை வறண்ட காற்று செடியை வாட்டும்போதுதான் அந்தப் பேர்போன வாசம் வருகிறது என்பார்கள். வாசம் வருவது உண்மை. ஆனால் செடியின் கிளைகளைக் கழிக்கிற கவ்வாத்து வெட்டிப் பழகியவரிடம் கேட்டால் மிச்சத்தையும் சொல்வார்.

உயரத்தைப் பொறுத்து ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து நடக்கும். மேலே போகப் போக இடைவெளி கூடும். வெட்டியபின் செடியில் இலை இருக்காது. இலை இல்லாமல் செடி தனக்கான சாப்பாட்டைச் செய்துகொள்ள முடியாது. புதுத் துளிர் விரியும்வரை வேரில் சேர்த்து வைத்த மாச்சத்தில்தான் உயிர் ஓடும். அதனால்தான் வெட்டுவதற்கு முன்பு கொழுந்தெடுப்பதை நிறுத்தி மலையைச் சில வாரம் ஆறப்போடுகிறார்கள். பென்சில் பருமனான வேர்த்துண்டு ஒன்றை நறுக்கி அயோடின் தடவிப் பார்க்கிற வழக்கமும் உண்டு. கருநீலமாக மாறினால் மாச்சத்து இருக்கிறது, கத்தியை எடுக்கலாம். நிறம் மாறாவிட்டால் காத்திருக்க வேண்டும். வேர் வெறுமையாக இருக்கும்போதோ கடும் வறட்சியிலோ வெட்டினால், தூர் தூராகப் பட்டுப்போகும். நலிந்த செடியென்றால் மூச்சுவிட ஓரக் கிளை ஒன்றிரண்டை விட்டுவைப்பார்கள். ஆக, செடியைத் துளிர்க்க வைத்தது வேரில் இருந்த சேமிப்பு. கத்திக்கு அதில் பங்கு சொல்லலாம், பெருமை சொல்ல முடியாது.

ஆளுக்கும் இந்த அயோடின் சோதனை வேண்டும். கஷ்டத்திலிருந்து நல்லதைத் தேடும் பயிற்சியில் இறங்குமுன் மூன்று கேள்விகள். கடந்த ஒரு வாரத்தில் பெரும்பாலான இரவுகள் தூக்கம் வந்ததா? பசியெடுத்துச் சாப்பிட்டது உண்டா? அந்தக் கஷ்டம் முடிந்துவிட்டதா, இன்னும் நடக்கிறதா? முதல் இரண்டுக்கும் 'இல்லை' என்றால் கொப்பியும் பேனாவும் காத்திருக்கட்டும். தூக்கம், சாப்பாடு, கூட இருக்க ஓர் ஆள் என்பவைதான் அப்போதைய வேலை. இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே போனாலோ, செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலோ, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது. குடித்துவிட்டு வந்து அடிக்கிற வீட்டில் இருக்கிற பெண்ணிடம் "என்னதான் இருந்தாலும் சம்பளத்த வீட்டுக்குக் கொண்டாறாருல்ல" என்று நல்லதைத் தேடச் சொல்வது, வேரைப் பார்க்காமல் கத்தி வைக்கிற வேலை. அங்கே முதலில் வேண்டியது பெண்களுக்கான 1938 இலக்கமும், ராத்திரி தங்க ஓரிடமும்.

பேரழிவு நடந்த முதல் நாட்களில் வெளியிலிருந்து வருகிறவர்கள் செய்கிற தவறும் இதே வகை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன காலையிலிருந்து, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தது வரைக்கும், ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும்: "உசிராவது மிஞ்சிச்சே, அதுக்குச் சாமிக்கு நன்றி சொல்லு." சொல்கிறவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அந்த வாக்கியம் எதிரில் இருக்கிறவரின் வாயை அடைத்துவிடுகிறது. அதற்குமேல் அவர் எதைச் சொன்னாலும் நன்றிகெட்ட பேச்சாகிவிடும். அதற்குப் பதில் ஒரு கேள்வி உண்டு: "அந்த நேரத்துல யாரு கூட இருந்தா?" இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும். கதவை உதைத்து எழுப்பியவர், கிழவியை முதுகில் தூக்கியவர், பாடசாலை மண்டபத்தில் தன் கம்பளியைப் பாதி கொடுத்தவர் என்று பெயர்கள் தாமாக வரும். நன்றி என்ற சொல்லே வராமல் நன்றி முழுவதும் அதில் இருக்கும். அழுகை வந்தால் வரட்டும். சீனி போட்ட தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

சொல்லைப் பற்றி இடையில் ஒன்று. நம் வீடுகளில் 'நன்றி' என்பது மேடைச் சொல். அம்மாவிடமோ லயத்தில் அடுத்த காம்பிரா (அறை) அக்காவிடமோ அதைச் சொன்னால், "என்னா, வெளியாளு மாதிரி பேசுற?" என்று திருப்பிக் கேட்பார்கள். நம்மிடம் இருப்பது வேறு: "நல்லா இருப்ப", "ஒம்புள்ளகுட்டி நல்லா இருக்கணும்", "ஆபத்துக்கு வந்த மகராசி". கவனித்தால், இவை பெற்றுக்கொண்டதைப் பேசுவதில்லை, கொடுத்தவருக்கு எதையோ வேண்டுகின்றன. கொப்பியில் எழுதும்போதும் இந்தச் சொற்களையே எழுதுங்கள். மேடைத்தமிழில் எழுதினால் மனம் ஒட்டாது.

இனிக் கொப்பி. 80 பக்கச் சாதாரண ரூல் கொப்பி போதும். வாரம் ஒருமுறை, வேலையில்லாத நாளாகப் பார்த்து, பத்துப் பதினைந்து நிமிடம். தினமும் எழுதத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம்; ஆறு வாரம் நடந்த ஓர் ஆய்வில் வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்களுக்குக் கிடைத்த பலன், வாரத்துக்கு மூன்றுமுறை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை. அளவுக்கு மிஞ்சினால் இதுவும் பாடசாலை வீட்டுவேலை மாதிரி ஆகிவிடும். ரொபட் எமன்ஸ், மைக்கேல் மெக்கலோ ஆகிய உளவியலாளர்கள் இருவரும் 2003இல் வெளியிட்ட, இத்துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுகிற ஆய்விலும் முதல் பகுதி வாரம் ஒன்றாகப் பத்து வாரம்தான். ஒவ்வொரு முறையும் அதிகபட்சம் ஐந்து விஷயம். ஐந்தும் கூடுதல் என்பது என் கருத்து. ஒன்றை எடுத்து அடிவேர் வரை போவதே மேல்.

ஒரு பதிவில் நான்கு இருக்க வேண்டும்: என்ன நடந்தது, யார் வந்தார், என்ன கொடுத்தார், அதனால் அவருக்கு என்ன குறைந்தது. நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இப்படி ஒரு பதிவைப் பாருங்கள்:

"புள்ளைக்கு மூணு நாள் காய்ச்சல். ராத்திரி 11 மணிக்கு வலிப்பு வந்திருச்சி. பின்லயத்து அக்காதான் ஆட்டோவுக்குப் போன் அடிச்சாங்க. 1,500 ரூவா அவங்களே குடுத்தாங்க. விடியிறவரைக்கும் ஆஸ்பத்திரி வாங்குல உக்காந்திருந்தாங்க. மத்தநாள் மலைக்கு லேட்டாப் போனதுல அவங்களுக்கு அரைப் பேருதான்."

கடைசி வரி இல்லாவிட்டால் இது ஒரு தகவல். அந்த வரி வந்ததும்தான் கணக்கு முழுமையாகிறது: அவருடைய அரைப் பேர் இந்தப் பிள்ளையின் பேரில் போயிருக்கிறது. ரூபாய், மணி, தூரம், நிறை என்று அளக்க முடிந்ததையெல்லாம் அளந்து எழுதுங்கள். 'எல்லோரும் உதவினார்கள்' என்ற வரிக்கு எந்தச் செக்ரோலிலும் பேர் விழாது.

மூன்றாம் நான்காம் வாரத்தில் எழுத ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். 'பிள்ளைகள் சுகம், வேலை இருக்கிறது' என்று அதையே திருப்பி எழுதத் தொடங்குவீர்கள். அப்போது கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: இது இல்லாமல் போயிருந்தால்? அன்று அந்த அக்கா தூங்கிப்போயிருந்தால், போனில் சார்ஜ் இல்லாமல் இருந்திருந்தால், ஆட்டோக்காரர் வரமாட்டேன் என்றிருந்தால் என்று ஒவ்வொன்றாக எழுதிப் பாருங்கள். நடந்த நல்லதை நினைத்து எழுதியவர்களைவிட, அது நடக்காமலே போயிருக்கக்கூடிய வழிகளை எழுதியவர்களின் மனநிலை கூடுதலாகத் தேறியது என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பழகிப்போன நல்லதை மறுபடி புதிதாக்குகிற வழி இது. தமிழில் இதற்கு 'நல்லவேளை' என்று ஒரே சொல்லே இருக்கிறது. பதிவை அந்தச் சொல்லில் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

எழுத வராதவர்கள் வாயால் சொல்லலாம். கொழும்பில் கடையிலோ வெளிநாட்டில் வீட்டுவேலையிலோ இருக்கிற மகளுக்கு, வாரம் ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு, மூன்று நிமிடம், ஓர் ஆள், ஒரு காரியம். அழிக்காமல் வைத்தால் வருடக் கடைசியில் ஐம்பது பதிவு சேரும். இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்து பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுத வைக்கலாம். பிள்ளைக்குக் கையெழுத்தும் வரும், குடும்பக் கதையும் தெரியும். ஆனால் "நீ எதுக்கு நன்றி சொல்லணும்னு எழுது" என்று பிள்ளையையே கட்டாயப்படுத்தினால் டீச்சருக்குப் பிடித்த பதில்தான் வரும்.

இனி உண்மையிலேயே வலித்த நினைவுக்கு வருவோம். சாவு, பிரிவு, பரீட்சைத் தோல்வி, பொய்யான பழி என்று எதுவும் இருக்கலாம். பூச்சியத்திலிருந்து பத்து வரை வலியை அளந்து, நான்கு ஐந்தில் நிற்பதை முதலில் எடுங்கள். பத்தில் நிற்பதைத் தனியாகத் தொடக்கூடாது, அதற்குப் பயிற்சி பெற்ற உளவளத் துணையாளர் பக்கத்தில் இருக்க வேண்டும். நடந்து ஆறு மாதமாவது போயிருந்தால் நல்லது. மூன்று நாள் அடுத்தடுத்து, நாளுக்கு இருபது நிமிடம். முதல் நாள் நடந்ததை நடந்தபடி, கோபத்தோடு, வசவோடு எழுதுங்கள். நல்லதைத் தேடவே வேண்டாம். இரண்டாம் நாள் அதே சம்பவத்தில் அங்குமிங்கும் தெரிந்த ஆட்களை மட்டும் எழுதுங்கள். மூன்றாம் நாள், அதற்குப் பிறகு உங்களிடம் வந்து சேர்ந்த எது முன்பு உங்களிடம் இல்லை என்று எழுதுங்கள்: ஒரு தொழில், ஒரு சிநேகிதம், அலுவலகப் படிவம் நிரப்பத் தெரிந்தது, எதுவானாலும் சரி. ஒன்றும் வரவில்லையென்றால் 'ஒன்றும் வரவில்லை' என்று எழுதி மூடுங்கள். அதுவும் சரியான பதிவுதான்.

முதல் நாளைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் பெரும்பாலும் தோற்கிறார்கள். வசவை எழுதாமல் வாழ்த்தை எழுதினால், வசவு அடியில் கிடந்து புளிக்கும். இன்னொன்றையும் தெரிந்துவைத்திருங்கள்: வலித்ததை எழுதிய உடனே மனம் இன்னும் பாரமாகத்தான் இருக்கும். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் தொடங்கிவைத்த, நாளுக்கு 15 நிமிடம் நான்கு நாள் எழுதுகிற ஆய்வுகளிலும் இதைக் கண்டார்கள். பலன் பிறகுதான் வரும். ஆகவே தூங்கப்போகும் நேரத்தில் எழுத வேண்டாம். மாலை நான்கு மணி நல்லது, எழுதி முடித்ததும் தண்ணீர் பிடிக்கவோ கோழியை அடைக்கவோ வெளியே போக வேண்டியிருக்கும். எழுதும்போது மூச்சு முட்டினாலோ கை நடுங்கினாலோ நிறுத்துங்கள். பாதம் இரண்டையும் சீமெந்துத் தரையில் ஊன்றி அந்தக் குளிரை உணருங்கள், சுடு தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடியுங்கள். மூன்று வருடக் கணக்கை மூன்று நாளில் முடிக்கவேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை.

எழுதியதைச் சம்பந்தப்பட்டவரிடம் போய்ச் சொல்லலாமா? சொல்லலாம். வெளிநாட்டு நூல்கள் ஒரு பக்கக் கடிதம் எழுதி நேரில் வாசித்துக்காட்டச் சொல்கின்றன. நம் லயத்தில் அப்படி நின்று வாசித்தால் இரண்டு பேருக்கும் கூச்சம். பக்கத்துக் காம்பிராவிலிருந்து சிரிப்பும் கேட்கும். ஒரு றாத்தல் பாணோ பிஸ்கட் பக்கற்றோ கையில் எடுத்துப் போங்கள். தேத்தண்ணி வரும்வரை ஊர்ப்பேச்சு. பிறகு மூன்று வாக்கியம்: "அன்னைக்கி நீங்க இதச் செஞ்சீங்க. அது இல்லன்னா இப்பிடி ஆகியிருக்கும். இப்ப நாங்க இப்பிடி இருக்கோம்." அவ்வளவுதான். கடன் கேட்கவோ சங்கத் தேர்தலுக்கு ஆதரவு கேட்கவோ போகிற நாளில் இதைச் செய்யாதீர்கள். இந்தச் சந்திப்பால் வருகிற நிறைவு ஒரு மாதம்போல நின்று பிறகு மங்குவதாக ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். மங்கினால் என்ன, அடுத்த ஆளிடம் போக வேண்டியதுதான்.

தவறுகிற இடங்களில் இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, ஒப்பீடு. "மண்ணுக்குள்ள போனவங்களப் பாத்தா நம்ம கஷ்டம் ஒண்ணுமில்ல" என்று ஆறுதல் அடைவது நம்மிடம் நிறைய உண்டு. செத்தவர்களை நம் மனநிம்மதிக்கு முட்டுக்கொடுப்பது நன்றியாகாது. அதில் கொடுத்தவர் என்று யாருமே இல்லை. நிம்மதி ஒரு நாள் நிற்கும், பின்னால் குற்ற உணர்ச்சி வரும்.

மற்றது இதைவிட ஆழமானது: கொடுக்கவேண்டியதைக் கொடுத்தவருக்கு நன்றி எழுதுவது. கொப்பியின் நடுப்பக்கத்தில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, வலப்பக்கத்துக்கு 'வரவேண்டியது' என்று தலைப்பிடுங்கள்; நன்றிப் பதிவுகள் இடப்பக்கம். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனதும், 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனதும் வலப்பக்கம். சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதமும் தொழில் கொடுப்பவரின் பங்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் கட்டவேண்டிய 3 வீதமும் வலப்பக்கம். ஒழுகாத, கக்கூசு உள்ள ஒரு வீடும் அங்கேதான். இவை கிடைத்த நாளில் சந்தோஷப்படுங்கள், கையெழுத்துப் போட்டு வாங்குங்கள், இடப்பக்கத்தில் எழுதாதீர்கள். வாங்கித்தரப் பெரட்டுக்களத்தில் மழையில் நின்ற ஆட்கள் இருந்தால் அவர்கள் பெயர் இடப்பக்கம் வரலாம். எஜமானுக்கு நன்றி சொல்லிப் பழகிய வாய் பிறகு கேள்வி கேட்கத் தயங்கும்; இந்த மலைகளில் அந்தத் தயக்கம் பல தலைமுறைக்கு நல்ல இலாபம் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது, நமக்கல்ல.

கூட்டமாகப் பட்ட கஷ்டத்துக்கும் இதே கணக்குத்தான். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இங்கே என்றும் பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். கோச்சியில் (ரயிலில்) தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறியவர்கள் பலர். ஒரே அம்மாவின் பிள்ளைகளில் ஒருவர் மஸ்கெலியாவிலும் ஒருவர் தமிழ்நாட்டுக் கோத்தகிரியிலுமாக முடிந்தது. 'அதனால்தான் நம் பிள்ளைகள் படித்து முன்னேறினார்கள்' என்று அந்த ஒப்பந்தத்தை இடப்பக்கத்தில் எழுத வருகிறவர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். அங்கே எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்: பிரிந்துபோன அக்காவின் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்தவர், பிரஜாவுரிமை விண்ணப்பத்தை இரவெல்லாம் நிரப்பிக் கொடுத்த வாத்தியார், ஸ்டேஷன்வரை பெட்டியைத் தலையில் சுமந்து வந்தவர்.

2023இல், முன்னோர் மலையகத்துக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஆட்கள் நடந்து போனார்கள். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் அவர்கள் நடந்த வழி அது. அந்த வழியில் பசியாலும் நோயாலும் விழுந்தவர்களுக்கு எந்தச் செக்ரோலிலும் பேர் விழவில்லை, வேலைக்கு வந்து சேர்ந்தால்தானே போடுவார்கள்.

கொப்பியின் முதல் பக்கத்தை அவர்களுக்கு விடலாம். வீட்டில் மூத்தவரிடம் கேளுங்கள்: அவருடைய பாட்டனின் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து, முதலில் பதிந்த தோட்டம் எது, கூட வந்தது யார். இரண்டு தலைமுறைக்கு மேல் பெரும்பாலும் ஓடாது. பெயர் தெரியாத இடத்தில் செய்ததை மட்டும் எழுதுங்கள்: 'கைப்பிள்ளையைத் தூக்கி வந்தவர்'. அதற்குப் பக்கத்தில் ஒரு வரி காலியாக இருக்கட்டும். என்றாவது ஒரு சாவு வீட்டில், பேச்சோடு பேச்சாக, யாராவது ஒரு பெரியம்மா அந்தப் பேரைச் சொல்வார். கொப்பியை அங்கேயும் எடுத்துப் போங்கள்.